புண்ணுக்குக் காற்று

சேசு மரி சூசை துணை

இண்டூர்
2-4-2024

அன்புத் தம்பி ஞானராஜுக்கு,

அக்கா இன்னாசியம்மாள் எழுதுவது. உயிர்த்த ஆண்டவர் உன்னையும் மகள், மருமகன், பேரப்பிள்ளைகளையும் காக்கட்டும். உன் இடுப்பு எப்படி இருக்கிறது? குளியலறையில் வழுக்கி விழுந்து பிளேட் வைத்துக்கொண்ட மனிதன் நாக்பூர் வெயிலில் மாடிப்படி ஏறுவதாக உன் மகள் போனில் சொன்னாளாம். ஏறாதே.

நீயும் போனில் பேசு என்கிறாய். நீ சொல்வது என் காதில் விழுவதில்லை. நான் சொல்வது தெருக்கோடி வரை விழுகிறது. நமக்குக் கடிதம்தான் சரி.

ஈஸ்டருக்கு அமல்தாஸ் வரவில்லை. பெங்களூர் பேக்கரியில் லீவு இல்லையாம். மகன் இல்லாத பண்டிகையை மருமகளோடு கொண்டாடினேன். அருள்ராணி நல்ல பெண். காலையில் கம்பெனி பஸ்ஸில் போனால் இருட்டியபின்தான் வருகிறாள், வந்தும் எனக்குச் செய்கிறாள்.

உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்கிறேன், பதறாதே. மாசி மாதம் புளி தட்டப் போனேன் அல்லவா, அப்போது செருப்புக்குள் ஒரு புளியங்கொட்டை விழுந்திருக்கிறது. காலை முதல் சாயங்காலம் வரை அதன்மேல் நடந்திருக்கிறேன். சர்க்கரை வந்தபின் என் பாதத்துக்கு எதுவும் தெரிவதில்லை என்பது உனக்குத் தெரியும். வீட்டில் செருப்பைக் கழற்றினால் ரத்தம். வலது கால், பெருவிரலுக்குக் கீழே. இன்னும் ஆறவில்லை. இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெண்மதி என்று ஒரு நர்ஸ், தங்கமான பெண், ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றுகிறாள்.

தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியிலும் காட்டினோம். டாக்டர் ஒரு மாத்திரையை மாற்றினார், காலை ஊன்றக் கூடாது என்றார். பிறகு அருள்ராணியிடம், “சில பேருக்கு பிரஷர் ஆக்சிஜன் குடுத்தா ஆறும்மா. உங்க பக்கத்துல எங்க இருக்குன்னு விசாரிச்சுப் பாருங்க. இல்லைன்னா…” என்றார். அதற்குமேல் என் காதில் விழவில்லை. முழங்காலுக்குக் கீழே கையை வைத்துக் காட்டியது மட்டும் கண்ணில் விழுந்தது.

அது என்ன ஆக்சிஜன், எங்கே கிடைக்கும் என்று விசாரி. எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

அன்பு அக்கா
இன்னாசியம்மாள்

*

நாக்பூர்
12-4-2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுகிறேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தா வரை நடக்கிறேன். ஆறு மாதத்துக்கு ரயில் ஏறக் கூடாதென்று டாக்டர் உத்தரவு. இல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்குப் பதில் நானே வந்திருப்பேன். ஒரு மாதம் என்னிடம் மறைத்தாயே என்று கோபம்தான். கோபத்தை வைத்துக்கொண்டு பாடம் நடத்த முடியாது. விஷயத்துக்கு வருகிறேன்.

புண் ஆறுவதற்குப் பிராணவாயு வேண்டும். சர்க்கரையால் பாதத்தின் ரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கின்றன. அதனால் உன் புண்ணுக்கு அந்த வாயு போதவில்லை. உதாரணமாக, அடுப்பில் கங்கு கனன்றுகொண்டிருக்கிறது. அதன்மேல் ஒரு சட்டியைக் கவிழ்த்து மூடிவிட்டால் என்ன ஆகும்? மங்கி, கருத்து, அணைந்துபோகும். அணைகிற நேரத்தில் மூடியை எடுத்து விசிறிவிட்டால்? மறுபடி சிவக்கும். உன் புண் இப்போது மூடி போட்ட கங்கு. அதற்குக் காற்று காட்ட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அதைச் செய்வதற்கு ஓர் இயந்திரம் இருக்கிறது. ஆள் படுக்கிற அளவு பெரிய குழாய். உள்ளே சுத்தமான ஆக்சிஜனை அழுத்தத்தோடு நிரப்புவார்கள். கோலி சோடாவைப் பார்த்திருக்கிறாய். அழுத்தி அடைப்பதால்தானே வாயு தண்ணீரில் கரைந்து நிற்கிறது? அதுபோல ஆக்சிஜன் ரத்தத்தில் கரையும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் என்று இன்றைக்கே போன் போட ஆரம்பித்துவிட்டேன். முப்பத்துநான்கு வருஷம் அந்த ஜில்லாவில் பாடம் சொன்னவனுக்கு உதவ ஒரு மாணவனாவது இருக்க மாட்டானா? நீ அரிசியைக் குறை, காலைத் தரையில் ஊன்றாதே. புரிந்ததா என்று எழுது.

உன் பிரிய தம்பி
ஞானராஜ்

*

சேசு மரி சூசை துணை

இண்டூர்
25-4-2024

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இருக்கிறேன். நீயும் சுகமாயிருக்க வேண்டும்.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். எட்டாவதோடு நின்றவளுக்கும் புரிகிறது. டாக்டர் சொன்னபோது ஏதோ பெரிய சங்கதி என்று பயந்தேன். அறுபது வருஷம் அடுப்பு ஊதியவளுக்குக் கங்கைப் பற்றித் தெரியாதா? இதை ஒரு டாக்டராவது இப்படிச் சொன்னாரா, பார். வாத்தியார் வாத்தியார்தான்.

உன் குழாய் எங்கே இருக்கிறதோ, அது கிடைக்கிறபோது கிடைக்கட்டும். அதுவரை இங்கே என்னால் ஆனதைச் செய்கிறேன், நீ சொன்னபடியே. அமல்தாஸ் வாங்கிவைத்த டேபிள் ஃபேன் மூலையில் சும்மா கிடந்தது, இப்போது அதற்கும் வேலை வந்துவிட்டது. மத்தியானம் அருள்ராணி இருக்க மாட்டாள், கரண்ட் பில் என்று சொல்ல ஆளில்லை.

அரிசியைக் குறைத்துக் களிக்கு மாறிவிட்டேன். இரவில் பசிக்கிறது. தேவமாதாவை நினைத்துத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கிறேன்.

அக்கா
இன்னாசியம்மாள்

*

நாக்பூர்
11-5-2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சர்க்கரை எவ்வளவு என்று எழுதாமல் விட்டுவிட்டாயே? அடுத்த கடிதத்தில் முதல் வரியாக அதை எழுது.

சொன்னபடி செய்கிறாய் என்று படித்தபோது சந்தோஷமாக இருந்தது. உன்னை வகுப்பில் வைத்திருந்தால் முதல் பெஞ்சில் உட்கார வைத்திருப்பேன். ஃபேனை உபயோகிப்பதும் நல்லது. இந்தக் கத்திரி வெயிலில் உடம்பு தளரக் கூடாது.

தேடிய கதையைக் கேள். தருமபுரியில் நான்கு இடத்துக்குப் போன் போட்டேன். ஒரு இடத்தில் ஒரு பெண், “ஆக்சிஜன் இருக்குங்க சார், எத்தன சிலிண்டர் வேணும்? வூட்டுக்கே அனுப்பிடுவோம்” என்றாள். சிலிண்டர் இல்லையம்மா, ஆளை உள்ளே வைத்து அழுத்தம் கொடுக்கிற இயந்திரம் என்றேன். “ஐயோ, ஆள உள்ளாற வச்சா!” என்று போனை வைத்துவிட்டாள்.

சேலத்தில் ஒரு இடம் கிடைத்தது. எனக்கு இடுப்பு வலியே மறந்துபோயிற்று. “இருக்குங்க சார், கூட்டியாங்க, பத்தே நாள்ல மொகம் பளபளன்னு ஆயிடும்” என்றான் ஒரு பையன். முகமில்லையப்பா, கால் புண் என்றேன். “அதுக்கும் நல்லதுங்க சார், எல்லாத்துக்கும் நல்லதுங்க.” டாக்டர் யார், எத்தனை மடங்கு அழுத்தம் என்று கேட்டதற்கு, ஜிப் வைத்த பை, உள்ளே படுத்துக்கொண்டு செல்போன் பார்க்கலாம் என்றான். அது அழகு நிலையம், அக்கா. உன் காலுக்கு வேண்டியது கெட்டியான சுவர் வைத்த கூண்டு, உண்மையான டாக்டர். பெயர் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்றாகிவிடாது. சந்தையில் வாங்குகிற பட்டாணித் துப்பாக்கியும் துப்பாக்கிதான்.

பிறகு பென்னாகரத்தில் என்னிடம் படித்த மதியழகன் நினைவுக்கு வந்தான். பெங்களூரில் மருந்துக் கம்பெனியில் இருக்கிறான். “சார், எனக்கு ஒரு வாரம் குடுங்க” என்றிருக்கிறான். நம்பிக்கையோடு இரு.

தம்பி
ஞானராஜ்

*

சேசு மரி சூசை துணை

இண்டூர்
26-5-2024

அன்புத் தம்பிக்கு,

நலம். நலமறிய ஆசை. சர்க்கரை இருநூற்றுப் பத்து. திட்டாதே, முன்பு முந்நூறு.

இங்கே மாங்காய் லாரிகள் ராவும் பகலும் போகின்றன. பக்கத்து வீட்டு மாதம்மாள் மண்டியில் கழித்த பழத்தைக் கூடை கூடையாக வாங்கி வந்து வெட்டிக் காயவைக்கிறாள். தெருவெல்லாம் மணம். எனக்கு ஒரு துண்டு நீட்டினாள், “ஒண்ணும் ஆவாதுக்கா, நாக்குல வச்சுட்டுத் துப்பிடு” என்றாள். நான் வாங்கவில்லை, ஆண்டவர் சாட்சி. ஈத் தொல்லைதான் தாங்கவில்லை. ஒரு கையில் செபமாலை, ஒரு கையில் துண்டு.

நேற்று வெண்மதி, “என்ன ஆயா, கட்டு இப்பிடி நெகிழ்ந்து கெடக்கு, டான்ஸ் ஆடுனீங்களா?” என்றாள். சிரித்துவைத்தேன். எனக்கென்னவோ காற்றுப் பட்டுப் பட்டுப் புண் கொஞ்சம் உலர்ந்த மாதிரி இருக்கிறது. நீ போன் போட்டே அலுத்துப் போகிறாயே என்றிருக்கிறது. கிடைத்தால் பார், கிடைக்காவிட்டால் வருத்தப்படாதே.

அக்கா

*

நாக்பூர்
6-6-2024

அன்புள்ள அக்காவுக்கு,

கிடைத்துவிட்டது!

முதலில் அதை எழுதிவிட்டுத்தான் வணக்கம் சொல்கிறேன். மதியழகன் நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பெங்களூரில், அமல்தாஸின் பேக்கரியிலிருந்து ஒரே பஸ். அங்குள்ள டாக்டர் கப்பற்படையில் கடலுக்குள் மூழ்குகிறவர்களுக்கு வைத்தியம் பார்த்தவராம். உன் காகிதங்களை அருள்ராணி அனுப்பினாள், அவர் பார்த்துவிட்டு, “ரத்த ஓட்டம் முழுசா நிக்கல, முயற்சி பண்ணலாம்” என்றார். கட்டாயம் ஆறும் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லாததால்தான் அவரை நம்புகிறேன். முப்பது நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம். ஜூன் 24, திங்கட்கிழமை முதல் நாள்.

பேக்கரி முதலாளி மாடியறையைக் கொடுக்கிறார். பருத்திச் சேலை இரண்டு எடுத்து வை. தலைக்கு எண்ணெய் கூடாது, உலோகம் எதுவும் கூடாது, உள்ளே சிறு பொறி வந்தாலும் ஆபத்து. செபமாலையையும் வெளியில்தான் வைக்க வேண்டும். பத்து விரல் இருக்கிறது, எண்ணிச் செபி. அழுத்தம் ஏறும்போது காது அடைக்கும். தொப்பூர் கணவாயில் பஸ் இறங்கும்போது அடைக்குமே, அதுபோல. எச்சிலை விழுங்கினால் திறந்துகொள்ளும். உன் காதுக்கு அடைக்க இனி என்ன பாக்கி என்று நீ எழுதுவாய், தெரியும்.

அக்கா, அப்பா இறந்தபின் என்னை ஹாஸ்டலில் சேர்க்க நீ இதே காலால்தான் இண்டூரிலிருந்து தருமபுரிக்கு நடந்து வந்தாய், தலையில் என் பெட்டியோடு. அந்தக் காலை நாம் விட்டுவிடப் போவதில்லை.

உடனே பதில் போடு.

தம்பி
ஞானராஜ்

*

சேசு மரி சூசை துணை

இண்டூர்
3-7-2024

அன்புத் தம்பிக்கு,

ஆண்டவர் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். பதில் தாமதமாகிவிட்டது. கட்டிலில் சாய்ந்தபடி எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும்.

பெங்களூர் போக வேண்டாம். அந்த ஏற்பாட்டை நிறுத்திவிடு. புண் ஆறிவிட்டது. அந்த டாக்டருக்கும் மதியழகனுக்கும் என் வந்தனம் சொல்.

நீ இவ்வளவு செய்ததை மறக்க மாட்டேன். இடுப்பைப் பார்த்துக்கொள். நன்றாக நட.

அக்கா
இன்னாசியம்மாள்

*

நாக்பூர்
12-7-2024

என் அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாக்கர் இல்லாமல் ஏழு அடி நடந்தேன். மகள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

மூன்று வாரமாக எனக்கு நல்ல உயிர் இல்லை. அருள்ராணிக்குப் போன் போட்டால், “அத்த நல்லாத்தான் இருக்காங்க சித்தப்பா, சிக்னல் கெடைக்கல” என்று வைத்துவிடுகிறாள். அமல்தாஸ், “லீவு கெடைக்கல மாமா, ரெண்டு வாரம் தள்ளிக்கலாம்” என்றான். நான் அவனைக் கடுமையாகப் பேசிவிட்டேன். ஆறிவிட்டதைச் சொன்னால் என்னவாம் அவர்களுக்கு? சந்தோஷத்தை நீயே உன் கையால் எழுத வேண்டுமென்று சொல்லித் தடுத்திருப்பாய், உன் குணம் எனக்குத் தெரியாதா!

இயந்திரம் இல்லாமலே ஆறியதென்றால் அது உன் கட்டுப்பாட்டுக்குக் கிடைத்த மார்க். இனி அந்தப் பாதத்தைக் குழந்தையைப் போல வைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்கென்று மெத்தென்ற செருப்பு விற்கிறது, ஒரு ஜோடி பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஏழாம் நம்பர். தினம் காலையில் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடு, இனி ஒரு புளியங்கொட்டைக்கும் அதற்குள் இடமில்லை. எப்படி இருக்கிறது என்று எழுது.

ஆனந்தத்துடன்,
தம்பி ஞானராஜ்

*

சேசு மரி சூசை துணை

இண்டூர்
30-7-2024

அன்புத் தம்பிக்கு,

சுகமாயிருக்கிறேன். நீ வாக்கர் இல்லாமல் நடந்ததைப் படித்து அழுதுவிட்டேன்.

செருப்பு வந்து சேர்ந்தது. நல்ல மெத்தென்று இருக்கிறது. இடது கால் சரியான அளவு. அருள்ராணிதான் போட்டுவிட்டாள். உனக்கு என் கால் அளவு இன்னும் ஞாபகம் இருக்கிறதே.

மழை இரண்டு நாள் பெய்தது. ஒகேனக்கல்லில் தண்ணீர் நிறைய வருகிறதாம், பரிசல் நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னார்கள்.

அமல்தாஸைக் கோபித்துக்கொள்ளாதே. அவன் பொய் சொன்னதற்கும் நான்தான் காரணம்.

அக்கா

*

இண்டூர்
14-8-2024

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு,

மருமகள் அருள்ராணி எழுதுவது. உங்கள் உடல்நலத்துக்காக வேண்டிக்கொள்கிறோம். “அக்கா இடது காலைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறாள், வலது கால் எப்படி இருக்கிறது, மறைக்காமல் எழுது” என்று என் பெயருக்குக் கடிதம் போட்டிருந்தீர்கள். போனில் என்னால் சொல்ல முடியாது. எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

அத்தைக்கு ஜூன் 17-ம் தேதி தருமபுரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அன்றைக்கு முந்தின வாரம் கம்பெனியில் கரண்ட் இல்லாமல் மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் அத்தை ஸ்டூலில் காலை நீட்டி, கட்டை முழுதாக அவிழ்த்துவிட்டு, ஃபேனுக்கு நேராக வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள். புண் மேலே ஈ. கிட்டப் போய்ப் பார்த்தேன், உள்ளே புழு நெளிந்தது. “என்ன அத்த பண்ணி வச்சிருக்கீங்க!” என்று கத்திவிட்டேன். “ரெண்டு மாசமா இப்படித்தாம்மா, நீ வர்றதுக்குள்ள கட்டிடுவேன்” என்றார்கள். ராத்திரியே குளிர்ஜுரம். ஆஸ்பத்திரிக்குப் போனபோது விஷம் எலும்புவரை ஏறிவிட்டது என்றார்கள். பெங்களூர் டாக்டரிடமும் அமல்தாஸ் பேசினார். உயிரைக் காப்பாற்றுங்கள், இனி இங்கே கொண்டுவந்து பலனில்லை என்றார்.

“புண்ணைத் தொறந்து போடச் சொல்லி யாரு சொன்னது?” என்று பெரிய டாக்டரம்மா திட்டித் திட்டிக் கேட்டார்கள். வெண்மதி சிஸ்டர் அழுதுகொண்டே கேட்டார்கள். நாங்களும் கேட்டோம். “யாரும் சொல்லல, எனக்கே தோணுச்சு” என்பதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. யாரோ சொல்லித்தான் செய்திருக்கிறார்கள் சித்தப்பா. பக்கத்து வீட்டு மாதம்மாள் அக்காவைச் சந்தேகப்பட்டு நான் சண்டைகூடப் போட்டுவிட்டேன். அதற்கும் அத்தை, “அவளை ஒண்ணும் சொல்லாத, பாவம்” என்றார்கள்.

உங்களிடம் சொல்லக் கூடாதென்று பைபிள் மேல் என் கையை வைக்கச் சொன்னார்கள். அவர்கள் நீங்கள் சொன்னால் கேட்பார்கள். இனிமேல் கண்டவர் பேச்சைக் கேட்டு எதையும் செய்ய வேண்டாமென்று நீங்கள்தான் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
அருள்ராணி

*

நாக்பூர்
22-8-2024

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

எந்தக் கடிதத்தையும் நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு நகலெடுத்து அனுப்புகிற பழக்கம் எனக்கு உண்டு என்பது உனக்குத் தெரியும். அருள்ராணி எழுதியதைப் படித்ததும் நோட்டை எடுத்தேன். ஏப்ரல் 12. ‘உன் புண் இப்போது மூடி போட்ட கங்கு. அதற்குக் காற்று காட்ட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.’ என் கையெழுத்து. கீழே கோடுகூடப் போட்டிருக்கிறேன். கட்டை அவிழ்க்காதே என்று ஒரு வரி இல்லை. அந்த வாயு ரத்தத்தின் வழியாக உள்ளிருந்துதான் போக வேண்டும், வெளிக்காற்றுப் பட்டால் கெடுதல் என்று ஒரு வரி இல்லை. கோலி சோடாவுக்கு இடமிருந்தது, அதற்கு இடமில்லாமல் போயிற்று.

நீ என்னிடம் மறைக்கவுமில்லை. ஃபேனுக்கு வேலை வந்தது என்று எழுதினாய். கட்டு நெகிழ்ந்தது என்று எழுதினாய், ஈ என்று எழுதினாய், காற்றுப் பட்டு உலர்கிறது என்றுகூட எழுதினாய். விடைத்தாளைப் படிக்காமல் சரி போட்ட வாத்தியார் நான். முதல் பெஞ்ச் என்று எழுதினேனே. இரண்டு நாளாக அந்த வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை.

யார் சொன்னது என்று அத்தனை பேர் கேட்டபோது என் பெயரைச் சொல்லியிருக்கலாமே, அக்கா. இந்த வீட்டுக்குச் சாயங்காலம் கணக்கும் அறிவியலும் கேட்க இரண்டு பிள்ளைகள் வருவார்கள். இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மாதம்மாளிடம் நானே மன்னிப்புக் கேட்க வேண்டும். அருள்ராணிக்கு உண்மையை எழுதப் போகிறேன். செப்டம்பர் 20-ம் தேதி ரயிலுக்கு டிக்கெட் போட்டாயிற்று, மருமகன் உடன் வருகிறார். உன் முன்னால் எப்படி நிற்பேன் என்று தெரியவில்லை.

ஞானராஜ்

*

சேசு மரி சூசை துணை

இண்டூர்
8-9-2024, மாதா பிறந்தநாள்

அன்புத் தம்பி ஞானராஜுக்கு,

அக்கா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இன்று கோயிலுக்கு, நீ சொல்லி மதியழகன் அனுப்பிய சக்கர நாற்காலியில் போனேன். அவன் பெயரைச் சொல்லி மாதாவுக்கு நன்றி சொன்னேன் என்று அவனிடம் சொல். உனக்குப் பொய் எழுதியதற்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். “எத்தன தடவம்மா?” என்று கேட்டார். ரெண்டு கடுதாசி என்றேன். சிரித்துவிட்டு, பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். நீ பெரிதாக்காதே.

அருள்ராணிக்கு நீ எதுவும் எழுத வேண்டாம். எழுதினாலும் அவள் நம்ப மாட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று விடியற்காலையில், ஜுரத்தோடு ஊர்ந்து போய், உன் ஏப்ரல் மாதக் கடிதத்தை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன். அவள் கண்ணில் படக் கூடாது என்றுதான். சாம்பலுக்குள் புகைந்துகொண்டே கிடந்தது, பிடிக்கவில்லை. மேலே கிடந்த வரட்டியைத் தள்ளிவிட்டு ஊதினேன். உடனே பிடித்துக்கொண்டது. நீ எழுதியது தப்பில்லை தம்பி. நெருப்புக்கு அது சரிதான்.

மாதம்மாளிடம் நானே பேசிவிட்டேன். தினமும் வந்து பக்கத்தில் உட்காருகிறாள்.

அந்த இரண்டு பிள்ளைகளையும் திரும்பக் கூப்பிடு. உன் பெயரை நான் யாரிடமும் சொல்லாதது நீ இப்படிச் செய்வாய் என்று தெரிந்துதான்.

இன்னொன்று. இல்லாத காலில் பெருவிரல் அரிக்கிறது. ராத்திரி கையை நீட்டினால் போர்வைதான் இருக்கிறது, ஆனாலும் அரிக்கிறது. வெண்மதியைக் கேட்டேன், “அது நரம்புங்க ஆயா” என்று ஏதோ சொன்னாள், எனக்குப் பிடிபடவில்லை. இல்லாதது எப்படி அரிக்கும்? நீ வந்து சொல். உதாரணத்தோடு சொல், அப்போதுதான் எனக்குப் புரியும்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அக்கா இன்னாசியம்மாள்